கியர் பாக்ஸ் சத்தம்: பழைய ஜீப்பை இறக்கும் முன்

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன்னே ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளிலும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமான பாதையில் ஏறும் ஜீப்புகளிலும் பல, இருபது முப்பது வருடம் உழைத்தவை. அவற்றின் சொந்தக்காரர்கள் பட்டறையில் வந்து சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாக்ஸ்ல சத்தம் வருதுண்ணே." கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இறக்கிப் பாத்துருவோம்." இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. அதைச் செய்யாமல் தாண்டிவிடுவதால் கோளாறே இல்லாத பெட்டிகள் பிரிக்கப்படுகின்றன. கோளாறு இருக்கும் பின் ஹவுசிங்கோ முன் ஷாஃப்ட்டோ அப்படியே ஓடுகிறது.

இறக்குவது சின்ன வேலை இல்லை. ஜீப்பில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் போல்ட் போட்டு ஒன்றாகப் பிணைத்தவை. தரைத் தகட்டைக் கழற்றி, லீவர்களை எடுத்து, முன்னும் பின்னும் போகும் இரண்டு ஷாஃப்ட்டையும் அவிழ்த்து, ஹேண்ட் பிரேக் கேபிளை விடுவித்து, அடியில் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றினால்தான் அந்த இரும்புக் கட்டி கீழே வரும். வண்டி நிற்கும் நாளெல்லாம் கூலி இல்லை. பிரித்த பின் "எதுக்கும் மாத்திருவோம்" என்று வாங்கும் பேரிங், சீல், கியர் செலவு வேறு.

சத்தத்தைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளும் புத்தகங்களும் சொல்லும் வழிகள் பல. அவற்றை எடைபோட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சத்தம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது பலவீனமான வழி. அது எப்போது வருகிறது, எதைத் தொட்டால் நிற்கிறது என்பதே பலமான சாட்சி. கிளட்ச் பெடல், கியர் லீவர், டிரான்ஸ்ஃபர் லீவர், ஆக்ஸிலரேட்டர் ஆகிய நான்கும் ஸ்பேனரை எடுக்குமுன் பயன்படுத்த வேண்டிய சோதனைக் கருவிகள்.

முதலில் எல்லோரும் நம்பும் வழியைப் பார்ப்போம். ஊளை என்றால் பல், கரகரப்பு என்றால் பேரிங், கடகட என்றால் லே ஷாஃப்ட், 'டொக்' என்றால் கிராஸ். தலைமுறையாகக் கைமாறி வரும் இந்தப் பட்டியலில் உண்மை இல்லாமல் இல்லை. 20 பல் கொண்ட கியர் ஒன்று நிமிடத்துக்கு 1800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 30 சுற்று, 600 பல் கடி. அந்த அறுநூறும் சேர்ந்து ஒரே சுருதியில் நீளும் ஊளையாகக் காதுக்கு வருகிறது. பேரிங்கின் கதை வேறு. எட்டுக் குண்டுள்ள பேரிங்கின் வெளி வளையத்தில் ஒரு குழி விழுந்தால் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஏறத்தாழ 3.2 தட்டு விழும். உள் வளையத்தில் குழி என்றால் ஏறத்தாழ 4.8. முழு எண்ணாக இல்லாததால் ஷாஃப்ட்டின் சுற்றோடு அது ஒட்டுவதில்லை. சுருதி சேராத கரகரப்பாகக் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

இந்தப் பட்டியல் தடுக்கி விழும் இடமும் உண்டு. அதே 20 பல் கியரில் ஒரே ஒரு பல் மூளியாகியிருந்தால் நொடிக்கு 30 தட்டு. முப்பது தட்டைக் காது தனித்தனியாகப் பிரிக்காது, தாழ்ந்த உறுமலாகவே கேட்கும். கேட்டவர் "பேரிங் போச்சு" என்பார். வண்டியை நடக்கிற வேகத்துக்கு இறக்கி ஊர விட்டால் மட்டுமே அது எண்ணக்கூடிய 'டிக்... டிக்...' ஆகப் பிரிந்து, உடைந்த பல் என்று தன்னைக் காட்டும். பேரிங்கின் கரகரப்பு அந்த வேகத்தில் மெலிந்து போகும். ஆகவே சத்தத்தின் பெயர் ஒரு ஊகம் மட்டுமே. அதை வைத்து உறுப்பை விலைக்கு வாங்கக் கூடாது.

ஜீப்பின் உள்ளமைப்புத் தெரிந்தால் இந்த ஊகத்தைச் சோதிக்க அருமையான வழிகள் கிடைக்கின்றன. 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பில் வார்னர் கியர் நிறுவனத்தின் டி-84 என்ற மூன்று கியர் பெட்டியும் அதன் பின்னால் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸும் இருந்தன. போருக்குப் பின் வந்த சிஜே மாடல்களில் பெட்டி டி-90 ஆனது. மஹிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே உற்பத்தி செய்தது. டீசல் என்ஜின் வந்தது, நான்கு கியர் வந்தது, பாடி நீண்டது. ஆனால் கியரின் பின்னால் கியராக விசையைக் கடத்தும் அந்த டிரான்ஸ்ஃபர் கேஸின் அடிப்படை ஏற்பாடு நெடுங்காலம் மாறவில்லை.

டி-90 பெட்டியில் முதல் கியர் விகிதம் 2.798, இரண்டாவது 1.551, மூன்றாவது நேர் ஒன்று. அந்த மூன்றாவதுதான் சோதனைக்கு உயிர்நாடி. என்ஜினிலிருந்து வரும் இன்புட் ஷாஃப்ட்டும் பின்னால் போகும் மெயின் ஷாஃப்ட்டும் டாப் கியரில் நேராகப் பூட்டிக்கொள்கின்றன. கீழே இருக்கும் லே ஷாஃப்ட் கியர்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அவற்றின் மேல் பாரம் இல்லை. முதல், இரண்டாவது கியர்களில் முழுப் பாரமும் லே ஷாஃப்ட் வழியாகவே போகிறது. நான்கு கியர் பெட்டி என்றால் நான்காவதுதான் இப்படி நேரடி. ஐந்து கியர் பெட்டிகளில் பெரும்பாலும் நான்காவதே நேரடி, ஐந்தாவது ஓவர்டிரைவ்.

மெயின் ஷாஃப்ட்டின் வால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் ஒரு கியர். அது நடுவில் உள்ள இடைக் கியரைச் சுற்றுகிறது. இடைக் கியர் ஊசி ரோலர்களின் மேல் ஓடுவது. அது அவுட்புட் ஷாஃப்ட்டைச் சுற்ற, அங்கிருந்து விசை முன்னும் பின்னும் போகிறது. ஹை ரேஞ்சில் விகிதம் ஒன்றுதான் என்றாலும் விசை இந்த மூன்று கியரையும் கடந்தே ஆக வேண்டும். டாப் கியரில் பெட்டி அமைதியாக இருந்தாலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாடிக்கொண்டே வருவதற்கு இதுவே காரணம். அந்தப் பாட்டு ஓரளவுக்கு ஜீப்பின் பிறவிக் குணம். நேர்ப் பல் வெட்டிய முதல் கியரும் ரிவர்ஸும் ஊளையிடுவதும் அப்படித்தான். புதிய காரிலிருந்து ஜீப்புக்கு மாறியவர்கள் இதையெல்லாம் நோயென்று நினைத்துப் பட்டறைக்கு வருவதைப் பார்க்கிறேன். அவர்களை நல்ல நிலையிலுள்ள இன்னொரு ஜீப்பில் ஏற்றி ஒரு சுற்று ஓட்டிக் காட்டி அனுப்புவதே நேர்மையான வைத்தியம்.

இனிச் சோதனைக்கு வருவோம். வண்டி நிற்கட்டும், என்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பெடலில் கால் வேண்டாம். இப்போது இன்புட் ஷாஃப்ட், அதன் முன் பேரிங், லே ஷாஃப்ட் கட்டு, அதன் ஊசி ரோலர்கள் எல்லாம் சுற்றுகின்றன. மெயின் ஷாஃப்ட் சும்மா நிற்கிறது. சத்தம் இப்போதே இருந்து, பெடலை முழுவதும் மிதித்தவுடன் தேய்ந்து நின்றால் கோளாறு இந்தக் கூட்டத்தில் இருக்கிறது. மாறாக, பெடலை லேசாகத் தொட்டவுடன் சத்தம் பிறந்தால் அது ரிலீஸ் பேரிங். பெடலை முழுவதும் மிதித்துக் கியரைப் போட்ட பிறகு கீச்சென்று ஒலித்தால் சந்தேகம் கிராங்க் ஷாஃப்ட் முனையிலுள்ள பைலட் புஷ்ஷின் மேல் போக வேண்டும். அந்த நிலையில் இன்புட் ஷாஃப்ட் நின்றுவிடுகிறது, கிராங்க் சுற்றுகிறது, இரண்டும் உரசும் ஒரே இடம் அந்தப் புஷ். மிதித்தபடி நியூட்ரலில் வைத்திருந்தால் இன்புட் ஷாஃப்ட் சிறிது நேரம் ஓடியபடியே இருக்கும் என்பதால் இந்த வேறுபாடு மங்கிவிடும். கியரைப் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

டீசல் ஜீப்புகளில் இந்தச் சோதனை ஒரு பொறியும் வைக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 700 சுற்று ஐட்லிங்கில் நொடிக்கு 23 உதை. பெட்ரோலைவிட டீசலின் உதை கடுமை. ஒவ்வொரு உதைக்கும் கிராங்க் முந்திப் பிந்தி ஓடுவதால், பாரமில்லாமல் சுற்றும் கியர்களின் பல் இடைவெளிக்குள் பற்கள் இப்படியும் அப்படியும் மோதிக் கடகடவென்று ஒலிக்கும். பெடலை மிதித்தால் உதை போய்ச் சேராது, சத்தம் நிற்கும். "முன் பேரிங் போச்சு" என்று பெட்டி இறங்கும். உள்ளே பேரிங் புதுசு போல இருக்கும். இந்த ஒரு தவறான கணிப்புக்கே நம் ஊரில் எத்தனையோ பெட்டிகள் பலியாகியிருக்கின்றன என்பது என் அழுத்தமான எண்ணம்.

தவிர்க்க வழி எளிது. ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்க வேண்டும். பல் மோதல் என்றால் சத்தம் கரைந்து போகும். பேரிங் என்றால் வேகத்தோடு சேர்ந்து ஏறும். பல் மோதல் என்று தெரிந்தபின் பார்க்க வேண்டியவை பெட்டிக்கு வெளியே இருக்கின்றன: கிளட்ச் பிளேட்டின் நடுவில் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங்குகள் உடைந்தோ தளர்ந்தோ இருக்கலாம், ஒரு இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காமல் என்ஜின் தடுமாறலாம், ஐட்லிங்கே மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கலாம்.

நிற்கும் வண்டியில் இன்னொரு சோதனை உண்டு. தெரிந்தவர்கள் குறைவு, ஜீப்பின் அமைப்பு தரும் வரம் அது. சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வையுங்கள். இப்போது கியரைப் போட்டுப் பெடலை விட்டாலும் வண்டி நகராது. ஆனால் மெயின் ஷாஃப்ட், பெட்டியின் பின் பேரிங், டிரான்ஸ்ஃபர் கேஸின் முதல் கியர், இடைக் கியர் அனைத்தும் சுற்றும். சாதாரண நியூட்ரலில் இல்லாத சத்தம் இங்கே புதிதாகச் சேர்ந்தால் இந்த நால்வரில் ஒருவர்தான் குற்றவாளி. இடைக் கியரின் ஊசி ரோலர்களும் அவை ஓடும் தண்டும் தேய்வது இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் அடிக்கடி காணும் நோய். இந்தச் சோதனையில் அது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பாரம் இல்லாத சோதனை இது. இழுக்கும்போது மட்டும் கத்தும் பற்களை இது காட்டாது.

ஓட்டிப் பார்க்கும்போது கேட்க வேண்டியது ஒவ்வொரு கியரின் வேறுபாட்டை. முதல், இரண்டாவது கியரில் இருக்கும் சத்தம் டாப்பில் மறைந்தால் லே ஷாஃப்ட். இரண்டாவதில் மட்டும் என்றால் அந்த ஜோடிப் பற்களும் அதன் புஷ்ஷும். எல்லாக் கியரிலும், டாப்பிலும், நியூட்ரலில் உருளும்போதும் மாறாமல் தொடர்ந்தால் கியர் பாக்ஸைச் சந்தேகப் பட்டியலில் அடியில் தள்ளிவிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸையும் அதற்குப் பின்னால் இருப்பவற்றையும் தேட வேண்டும்.

அந்தத் தேடலுக்கு லோ ரேஞ்ச் கைகொடுக்கும். சிஜே மாடல்களின் ஸ்பைசர் 18இல் லோ விகிதம் 2.46. பழைய ஜீப்புகளில் முன் ஆக்ஸிலைச் சேர்த்தால்தான் லோ விழும் என்பதால் இதைத் தார் ரோட்டில் செய்யாமல் நேரான மண் பாதையில் செய்ய வேண்டும். முன் ஆக்ஸில் சேர்ந்த நிலையிலேயே இரண்டாவது கியரில் ஒரே என்ஜின் வேகத்தில் முதலில் ஹையில், பிறகு லோவில் ஓட்டுங்கள். என்ஜின் சுற்று மாறாததால் கியர் பாக்ஸிலிருந்தும் இடைக் கியரிலிருந்தும் வரும் சத்தத்தின் சுருதி மாறாது. அவுட்புட் ஷாஃப்ட் தொடங்கிச் சக்கரம் வரை உள்ள எதன் சத்தமானாலும் அதன் சுருதி ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காக, ஒரு ஸ்தாயிக்கும் கீழே இறங்கிவிடும். பாட்டுக் கேட்கத் தெரிந்த எவரும் இந்த இறக்கத்தைத் தவறவிட முடியாது. லோவில் மட்டும் புதிதாக ஒரு சத்தம் முளைத்தால் அது லோவுக்கென்று உள்ள ஜோடிப் பற்களின் சத்தம்.

லோ முதல் கியரில் ஊர்ந்து கேட்பதிலும் பயன் உண்டு. 5.38 விகித ஆக்ஸில் கொண்ட ஜீப்பில் 2.798, 2.46, 5.38 மூன்றையும் பெருக்கினால் 37. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் 37 சுற்றுச் சுற்றுகிறது. அந்த அளவு வேக வித்தியாசத்தில் சக்கரத்தின் தாளத்தில் விழும் தட்டும் பெட்டியின் தாளத்தில் விழும் தட்டும் ஒன்றோடொன்று குழம்ப வழியே இல்லை. ஹப் பேரிங், பிரேக் டிரம், நெளிந்த ரிம் போன்றவை சக்கரத்தோடு ஒன்று ஒன்றாகத் தட்டும். ஷாஃப்ட்டின் கிராஸ் சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஐந்து முறைக்கு மேல் கிறீச்சிடும்.

போடியில் ஒரு வயதான பிட்டர் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஓட்டுநருக்கு அருகில் உட்கார்ந்து, இரண்டு விரலை மட்டும் டிரான்ஸ்ஃபர் லீவரின் குமிழில் வைத்திருப்பார். "ரேஸ் குடு. அப்படியே விடு. இப்பப் புடிச்சும் புடிக்காமலும் போ" என்பார். மூன்றே கட்டளை. இழுக்கும்போது பற்களின் ஒரு பக்கம் அழுந்துகிறது, ஆக்ஸிலரேட்டரை விட்டு என்ஜின் பிடிக்கும்போது மறு பக்கம் அழுந்துகிறது, இரண்டுக்கும் நடுவில் பற்கள் எந்தப் பக்கமும் சாயாமல் மிதக்கின்றன. பின் ஹவுசிங்கின் கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் ஊளை இந்த மூன்றில் ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கும். பேரிங் சத்தத்துக்கு அவ்வளவு மாற்றம் இராது. பிறகு வளைவில் திருப்பச் சொல்வார். இடது வலது திரும்பும்போது மாறினால் ஹப் பேரிங். இடையில் லீவரை இறுகப் பிடிப்பார். சத்தம் நின்றால் லீவர்தான் ஆடியிருக்கிறது, அடியில் உள்ள ஸ்பிரிங்கும் வாஷரும் போதும், பெட்டிக்கு வேலையில்லை. அவர் விரல் லீவரில் இருப்பதற்குக் காரணம் அதிர்வு. காதுக்கு எட்டுமுன் விரலுக்கு எட்டிவிடுகிறது.

பெட்டியின் பெயரில் வரும் போலிச் சத்தங்களில் முன் ஆக்ஸில்தான் பெரிய ஏமாற்றுக்காரன். சக்கர ஹப்பைத் துண்டிக்கும் வசதியில்லாத பழைய ஜீப்பில் டூ வீலில் ஓடினாலும் முன் டிஃபரன்ஷியலும் முன் ஷாஃப்ட்டும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முன் பினியன் பேரிங்கின் சத்தம் ஷாஃப்ட் வழியாக ஏறி டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒலிக்கும், லீவர் வழியாக ஓட்டுநரின் கையில் அதிரும். முன் ஷாஃப்ட்டை அவிழ்த்து வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டினால் கதை தெரிந்துவிடும். நான்கு போல்ட், அரை மணி நேர வேலை. அதேபோல் பின் ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு ஃபோர் வீலைப் போட்டு முன் சக்கரத்தால் மெல்லச் சிறிது தூரம் ஓட்டலாம். இங்கே ஒரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் வாலில் இருக்கிறது. பின் ஷாஃப்ட் இல்லாவிட்டால் அந்தப் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்காது. சமதரையில், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தே இதைச் செய்ய வேண்டும்.

மற்றப் போலிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முரட்டுக் கட்டை டயரின் ஊளை ரோட்டின் தரம் மாறினால் மாறும். ஸ்பீடோமீட்டர் கேபிள் காய்ந்தால் வரும் கீச்சொலி, கேபிளைக் கழற்றினால் ஒழியும். பெடலை விட்டவுடன் விழும் ஒற்றை 'டொக்', கிராஸிலும் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைனிலும் ஹவுசிங்கிலும் சேர்ந்துபோன பிளே. வண்டியை நிறுத்தி ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கினாலே எங்கே ஆடுகிறது என்று தெரியும். தார் ரோட்டில் ஃபோர் வீலில் திரும்பும்போது கேட்கும் வெடியும் இழுப்பும் கோளாறே இல்லை. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் போகும் தூரம் வேறு வேறு. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முறுக்கம் சேர்ந்து வெடிக்கிறது. லீவர் இறுகிக்கொண்டால் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விடும்.

இடத்தைக் குறுக்கியபின் கருவிகளுக்கு வேலை வரும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பது பழைய முறை, இன்றும் பயனுள்ளது. ஆனால் வார்ப்பு இரும்புக் கூடு சத்தத்தை எல்லாப் பக்கமும் கடத்தும். ஒரே இடத்தில் கேட்டு முடிவு கட்டாமல் பல இடங்களை ஒப்பிட வேண்டும். சுற்றும் ஷாஃப்ட்டின் பக்கத்தில் துண்டு, தொங்கும் சட்டை கூடவே கூடாது. இப்போது இளைஞர்கள் போனிலேயே ஒலி அலைவரிசையைப் பார்க்கிறார்கள். என்ஜின் சுற்றும் பற்களின் எண்ணிக்கையும் தெரிந்தால் எந்த ஜோடி கத்துகிறது என்று கணக்குப் போட்டே சொல்லலாம். இந்த முறையை நான் மதிக்கிறேன். லோ-ஹை சோதனையைக் காது கேட்காத இடத்திலும் இது உறுதிப்படுத்தும். பெடலும் லீவரும் சொல்வதைக் கேட்காமல் போனை மட்டும் நம்புகிறவர்களுக்கு அது வெறும் கோட்டுப் படம். நல்ல ஓட்டத்துக்குப் பின் பேரிங் இருக்கும் இடங்களில் வெப்பத்தை அளந்து பார்ப்பதும் பயன் தரும். ஒரு முனை மட்டும் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கே உராய்வு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி ஆயில். ஓட்டி முடித்துச் சூடாக இருக்கும்போதே டிரெயின் நட்டைத் திறந்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் பிடித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் பெட்டியின் உள்கதை தெரியும். மை போன்ற மெல்லிய சாம்பல் குழம்பு இயல்பான தேய்மானம். தங்கப் பொடி மின்னினால் பித்தளைக் குடும்பம்: சிங்க்ரோ ரிங், புஷ், த்ரஸ்ட் வாஷர். தட்டையாக, கண்ணாடி போலப் பளபளக்கும் செதில்கள் பேரிங் பாதையிலிருந்து உரிந்தவை. ஊசி போன்ற துண்டு கிடைத்தால் ஊசி ரோலர் ஒன்று உடைந்துவிட்டது. முனையும் மூலையும் உள்ள கனத்த துண்டு என்றால் பல். இந்தக் கடைசி இரண்டும் கிடைத்தால் அதற்குமேல் சோதனை வேண்டாம், பெட்டி இறங்கியே ஆக வேண்டும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் ஓடை கடக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கிறது.

அளவையும் பார்க்க வேண்டும். பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் சீல் தேய்ந்தால் ஆயில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும். ஒன்று வறண்டு ஊளையிடும், மற்றொன்று நிரம்பிப் பின் சீல் வழியாக ஹேண்ட் பிரேக் டிரம்முக்குள் ஒழுகும். ஒன்றில் மட்டும் ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்கிறவர்கள் இந்த நகர்வைக் கவனிப்பதில்லை. ஆயிலின் வகையும் முக்கியம். 90 என்று மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. ஹைப்பாய்டு ஹவுசிங்குக்கு உரிய ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் பித்தளை ரிங்குகளை அரிக்கக்கூடும். பெட்டிக்கு ஜிஎல்-4 நல்லது.

சத்தத்தை அடக்க மரத்தூள், கிரீஸ், மிகக் கெட்டியான ஆயில் போடும் வழக்கம் விற்பனைக்கு வரும் வண்டிகளில் இன்னும் உண்டு. இதைக் கடுமையாகவே கண்டிக்க வேண்டும். ஊசி ரோலர்களுக்கு ஆயில் போகும் சிறிய வழிகளை அது அடைத்துவிடுகிறது. சத்தம் சில நாள் அடங்கும், ஷாஃப்ட் எரியும். பழைய ஜீப் வாங்குகிறவர் பெட்டி அளவுக்கு மீறி அமைதியாக இருந்தால் டிரெயின் நட்டைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

எந்தச் சத்தத்தோடு ஓட்டலாம், எதோடு ஓட்டக் கூடாது என்பது தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டிகளுக்கு உயிர்ப் பிரச்சினை. வருடக்கணக்கில் ஒரே அளவில் பாடும் டிரான்ஸ்ஃபர் கேஸை அளவான ஆயிலோடு ஓட்டலாம். வாரத்துக்கு வாரம் ஏறும் கரகரப்பு, இழுக்கும்போது தாளம் போட்டு விழும் உலோகத் தட்டு, கருகிய ஆயில் வாடை, கையால் ஆட்டினால் ஆடும் கிராஸ் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆள் ஏற்றக் கூடாது. கியர் தானாக நழுவுவது இன்னும் மோசம். டாப்பில் நழுவினால் பைலட் ரோலர்களின் தேய்வோ பெல் ஹவுசிங்கின் கோணலோ காரணமாகலாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் நழுவினால் லீவர் தண்டைப் பிடிக்கும் குண்டும் ஸ்பிரிங்கும், அல்லது அவுட்புட் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம். காரணம் எதுவானாலும் போடிமெட்டு இறக்கத்தில் அது நழுவும் கணத்தில் என்ஜின் பிடி முழுவதும் போய்விடுகிறது, பாரம் அத்தனையும் கால் பிரேக்கின் மேல் விழுகிறது. "ஒரு கையால புடிச்சுக்கிட்டே ஓட்டிக்கலாம்" என்று சொல்லும் ஓட்டுநரிடம் பதினைந்து பேரை ஒப்படைக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு பெட்டி இறங்கினால், எதை மாற்றுவது என்பதிலும் சத்தத்தின் கணக்கு உண்டு. ஒன்றோடொன்று கடித்து வருடக்கணக்கில் தேய்ந்த இரு கியர்களில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் புதுப் பல்லும் பழைய பல்லும் ஒட்டாமல் முன்பைவிட அதிகமாக ஊளையிடும். ஜோடியாக மாற்ற வேண்டும், கிரவுன் பினியன் ஜோடியாக விற்கப்படுவதும் அதனால்தான். டிரான்ஸ்ஃபர் கேஸின் அவுட்புட் ஷாஃப்ட் டேப்பர் ரோலர் பேரிங்குகளில் ஓடுவதால் அதன் ஆட்டத்தை ஷிம் வைத்து 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். இதை டயல் கேஜ் வைத்து அளக்காமல் கைக்கணக்கில் இறுக்கியதாலேயே பல புதிய பேரிங்குகள் சீக்கிரம் எரிகின்றன. பூட்டியபின் முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை ஒருமுறை மாற்றி, அதையும் துணியில் வடித்துப் பார்க்க வேண்டும். அன்றே நியூட்ரல், பெடல், டிரான்ஸ்ஃபர் நியூட்ரல், ஒவ்வொரு கியர், லோ-ஹை என்று எல்லாச் சோதனையையும் திரும்பச் செய்து, எதில் என்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதி வண்டியின் ஆர்சி புத்தகத்தோடு வைத்துவிட்டால் அடுத்த முறை சத்தம் வரும்போது எந்தப் பட்டறையின் பிட்டரும் ஒப்பிட்டுப் பார்க்க அது இருக்கும்.